டிஷ்ஷைக் கழற்றும் முன் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வாங்கியவர்கள் பலர் கேட்கும் கேள்வி: "எல்லாம்தான் நெட்டிலேயே வருகிறதே, இனி டிடிஎச் எதற்கு?" அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில்.

டிடிஎச் முறையில் சாட்டிலைட் அனுப்பும் சிக்னல் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. நாள் முழுக்க டிவி ஓடினாலும் உங்கள் டேட்டா குறையாது. ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக டேட்டா இறங்குகிறது. ஹெச்.டி. தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை செலவாகலாம் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். அந்தக் கணக்கில் தினமும் 4 மணி நேரம் பார்த்தால் மாதம் 360 ஜிபி! நல்ல ஃபைபர் இணைப்பு இதைத் தாங்கும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் இணைப்பில் ஒரு சினிமாகூட முடியாது.

டிடிஎச்சிலும் குறை உண்டு. பலத்த மழையில் படம் நின்றுவிடும். தவறவிட்ட நிகழ்ச்சியை நினைத்த நேரத்தில் பார்க்க ஸ்ட்ரீமிங்தான் வசதி. ஆனால் நேரடி கிரிக்கெட் அதில் பல விநாடிகள் தாமதமாக வரலாம். சிக்ஸர் அடித்ததைப் பக்கத்து வீட்டுச் சத்தமே முதலில் சொல்லிவிடும்.

என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. அம்மாவுக்கு எண்ணை அழுத்தினால் சேனல் வர வேண்டும். ஆப், பாஸ்வேர்டு எல்லாம் அவருக்குத் தொல்லை.

செலவைக் குறைக்க, 2004-ல் தூர்தர்ஷன் தொடங்கிய, இன்று டிடி ஃப்ரீ டிஷ் எனப்படும் சேவையைப் பாருங்கள். மாதக் கட்டணம் கிடையாது. உங்களுக்கு வேண்டிய சேனல்கள் அதில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒரு மாத டேட்டா கணக்கைப் பார்த்த பிறகு டிஷ்ஷில் கை வையுங்கள்!