முதலில் நீரை அளவுங்கள், பிறகு துளையிடுவதைப் பேசலாம்
கனிய ஆய்வு தொடர்பான எமது நிலைப்பாடு

சுண்ணக்கல்லையும் கனிய மணலையும் தேடும் ஆய்வுகள் வடக்கில் அடுத்தடுத்துப் பேசப்படுகின்றன. பூநகரி பொன்னாவெளியில் சுண்ணக்கல் அகழ்வு முயற்சிக்கு எதிராக மக்கள் 2024 இல் தெருவில் நின்றார்கள். மன்னார் தீவில் இல்மனைட் மணலுக்கு எதிரான போராட்டம் பல ஆண்டுகளாக நடக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால், எமது நிலைப்பாட்டை இப்போதே சொல்கிறோம். நிலத்தைத் துளைக்காத அளவைகளை நாங்கள் எதிர்க்கவில்லை. கனியம் தேடித் துளையிடுவதை, இன்றுள்ள நடைமுறையில், குடாநாட்டின் எந்த மூலையிலும் ஏற்கமாட்டோம்.

"ஆய்வுதானே, அகழ்வு இல்லையே" என்று கேட்கிறார்கள். ஆள் அரவமற்ற பாலைநிலத்தில் அந்தக் கேள்வி நியாயமாக இருக்கலாம். ஆனால் அங்கேகூட, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், துளைகளை மூடி நிலத்தைச் செப்பனிடுவது உரிம நிபந்தனையாக இருக்கிறது. எங்கள் நிலத்தடி அப்படிப்பட்டது அல்ல. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைநீர் அதை அரித்து அரித்துப் பொந்துகளும் குகைகளுமாக ஆக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் அதன் வெளித்தெரியும் வாய்கள். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எமக்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழை கல்லுக்குள் இறங்கி, கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. அந்த வில்லையைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உவர் 40 அடி ஏறப் பார்க்கும் என்பதும் அதே கணக்குத்தான்.

இந்த வில்லையை ஊடறுத்து உவர்நீர் வரை போகும் துளையை அடியிலிருந்து மேல்வரை சீமெந்தால் அடைக்காமல் விட்டால், இரண்டு நீரும் கலப்பதற்கு அதுவே வழியாகிவிடும். துளையிடும்போது செலுத்தும் சேற்றுக் கரைசல் கற்பொந்துக்குள் இறங்கினால், எந்த ஊர்க் கிணற்றில் வெளிப்படும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நாங்கள் இதைக் கண்டோம். உயர் நீதிமன்றம் 2019 இல் இரண்டு கோடி ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. இழப்பீடு வந்ததால் கிணறு பழையபடி ஆகிவிடாது.

வடமராட்சியின் மணற்காடு வேறு வகை. மணலுக்குள் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தைப் பார்க்க வருவோருக்கு அது வெறும் பாலைவனமாகத் தெரியும். அந்த மணற்குன்றுகள்தான் கரையோர மக்களின் தண்ணீர்த் தொட்டி. கையால் தோண்டிய பூவலிலேயே நன்னீர் ஊறும். கடலுக்கும் குடியிருப்புக்கும் இடையில் நிற்கும் அரணும் அவையே. 2004 சுனாமியை நேரில் கண்ட கரையில் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே கட்டடத்துக்கு மணல் அள்ளுவதையே தடுக்க முடியாமல் திணறும் அதிகாரிகள், கனிய மணல் ஆய்வை எப்படிக் கண்காணிப்பார்கள்?

காங்கேசன்துறை சீமெந்து ஆலை 1990 இல் போரோடு நின்றுபோனது. அதற்காகத் தோண்டிய கற்குழிகள் இன்னும் மூடப்படவில்லை. அந்த ஆலை ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது என்பதையும் மறக்கவில்லை. வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றே கேட்கிறோம்.

சட்டம் எங்கள் பக்கம் போதுமான அளவு நிற்கவில்லை. 1992 இன் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி, காணி யாருடையதாக இருந்தாலும் அதன் அடியிலுள்ள கனியம் அரசுக்கே சொந்தம். சூழல் தாக்க மதிப்பீடு எப்போது தேவை என்பதை 1993 வர்த்தமானி அகழ்வின் ஆழம், பரப்பு போன்றவற்றை வைத்தே தீர்மானிக்கிறது. ஆய்வுத் துளை பெரும்பாலும் அந்த வலையில் சிக்காமல் போய்விடுகிறது. இதை மாற்ற வேண்டும். குடாநாட்டில் எந்த ஆய்வுத் துளைக்கும் முன் மதிப்பீடு நடக்கட்டும். அதன் அறிக்கை தமிழில், பிரதேச செயலகத்தில், 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்கப்படட்டும்.

அளவைகளை ஏன் வரவேற்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும். மின்தடை அளவையில் தரையில் கம்பிகளை நட்டு, மின்னோட்டம் செலுத்தி, அடியிலுள்ளதை அறிகிறார்கள். உவர்நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். நன்னீர் நிறைந்த கல் அவ்வளவு கடத்தாது. ஆகவே கனியம் தேடுபவரின் கருவி நன்னீரின் அடி எங்கே முடிகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும். கம்பனிக்கு அது பக்கத் தகவல். எங்களுக்கு அதுவே முதற்தேவை. அந்தத் தரவு உரிமம் பெற்றவரின் பெட்டிக்குள் பூட்டப்படக்கூடாது. நீர்வளச் சபைக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும், கமக்காரர் அமைப்புகளுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் அது முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்திடமும் மாகாண சபைத் திணைக்களங்களிடமும் ஒன்றைக் கேட்கிறோம்: குடாநாட்டின் நன்னீர் வில்லை முழுவதையும் அளந்து வரைபடமாக வெளியிடும் வரை, இங்கே புதிதாக எந்த ஆய்வு உரிமத்துக்கும் துளையிட அனுமதி வழங்காதீர்கள். உங்கள் ஊரில் கம்பி நடவோ துளையிடவோ எவராவது வந்தால், அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். அதில் துளையிடுதல் குறிப்பிடப்பட்டிருந்தால் உடனே கிராம சேவையாளருக்கும் எமக்கும் அறிவியுங்கள்.