பலகை மாறினால் பாக்கி தீர்ந்ததா?

கடைவீதியில் பூட்டிக் கிடந்த ஓட்டல் மறுபடி திறந்துவிட்டது. பெயர் புதிது, பலகை புதிது. இட்லி, பூரி போய் தினைப் பொங்கல், குதிரைவாலி தோசை வந்திருக்கிறது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது முதல் இந்தச் சரக்குக்குக் கிராக்கிதான். திறப்பு விழாவுக்கு நம்மையும் அழைத்தார்கள், போனோம். பொங்கல் நன்றாகவே இருந்தது.

மறுநாளே கடனுக்குச் சரக்குச் சீட்டு வந்தது. பழைய பெயரில் நிற்கும் உளுந்து, எண்ணெய் பாக்கியைக் கேட்டால் "அது பழைய கணக்கு" என்கிறார்கள். கல்லாவில் இருப்பவரோ அதே முதலாளி!

தனி முதலாளி என்றால் பலகை மாறினாலும் கடன் அவருடையதே. கூட்டு வியாபாரமானால், 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலகிய பங்காளிக்கும் பழைய கடனில் பொறுப்பு உண்டு. சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளில் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 2021 ஜூலையில் வியாபாரிகளையும் உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். அந்த 45 நாள் நமக்கில்லை.

நமக்கு உள்ளது 3 ஆண்டுக் கெடு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மீண்டும் 3 ஆண்டு. புதுக் கணக்கு எழுதுமுன் அந்தக் கையெழுத்தை வாங்குங்கள். அது வரும்வரை தினையும் சாமையும் ரொக்கத்துக்குத்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.