பச்சை நிறத்தை நம்பாதேங்கோ

பிளேபுக் ஓடி முடியுது, திரையில சிவப்பு ஒண்டும் இல்லை, ‘வேலை முடிஞ்சுது’ எண்டு எழும்பிப் போறம். சேர்வர் பார்க்கிற எங்களில் கனபேரிடம் இந்தப் பழக்கம் இருக்கு. இது சோம்பல் மட்டுமில்லை, ஆபத்தும்கூட.

எல்லாரும் செய்கிற ஒரு வேலையையே எடுப்பம்: எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டால் உள்ளே வருவதை மூடுவது. பிரதான கான்ஃபிக் கோப்பில் அந்த வரியைத் தேடி ‘நோ’ என்று மாற்றும்படி அன்சிபிளின் லைன்இன்ஃபைலிடம் சொல்கிறோம். மஞ்சள் வருகிறது. திரும்ப ஓட்டினால் பச்சை. ஆனால் பாஸ்வேர்டைக் கொடுத்தால் சேர்வர் இன்னும் உள்ளே விடுகிறது.

ஏன்? ஒரே அமைப்பு இரண்டு தரம் இருந்தால் எஸ்எஸ்எச் முதலில் வருகிறதைத்தான் எடுக்கும். உபுண்டு 20.04 தொடக்கம் அந்தக் கோப்பின் மேற்பகுதியிலேயே வேறொரு கோப்புறையை உள்ளிழுக்கும் வரி இருக்கு. கிளவுட் இயந்திரங்கள் பலதில் அந்தக் கோப்புறைக்குள் ‘50-கிளவுட்-இனிட்’ என்ற கோப்பு ‘யெஸ்’ சொல்லிக்கொண்டு இருக்கும். நீங்கள் கீழே எழுதின ‘நோ’வுக்கு மதிப்பே இல்லை.

இன்னொரு கூத்தும் இருக்கு. தேடின வடிவம் பல வரிகளில் பொருந்தினால் லைன்இன்ஃபைல் கடைசி வரியை மட்டும் மாற்றும். எஸ்எஸ்எச் பார்ப்பது முதலாவதை, கருவி திருத்துவது கடைசியை! ஒன்றும் பொருந்தாவிட்டால் வழமையாகக் கோப்பின் அடியில் புது வரி சேர்க்கும். அடியில் ‘மேட்ச்’ பகுதி இருந்தால் அந்த வரி அதற்குள் விழுந்து, அந்த ஆட்களுக்கு மட்டுந்தான் செல்லும்.

ரிப்ளேஸும் செட் கட்டளையும் இன்னும் மோசம். தேடினது கிடைக்காவிட்டால் வாயே திறக்காது, பிழை என்றும் சொல்லாது. ஆக, பச்சைக்கு ‘எல்லாம் சரி’ என்று அர்த்தமில்லை, ‘நான் ஒண்டையும் மாத்தேல்லை’ என்றுதான் அர்த்தம். ஏற்கெனவே சரியாக இருந்ததா, தேடினது அங்கே இல்லவே இல்லையா என்று அது சொல்லாது.

‘ரெஜெக்ஸை ஒழுங்கா எழுதினால் சரிதானே’ என்பார்கள். இல்லை. பிழை ரெஜெக்ஸில் இல்லை, நாங்கள் கேட்கிற கேள்வியில். ‘கோப்பில் வரி இருக்கா’ என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது ‘சேர்வர் என்ன செய்யுது’ என்று.

‘முழுக் கோப்பையும் டெம்ப்ளேட்டால் எழுதினால் அப்டேட் நேரம் சிக்கல் வரும்’ என்ற வாதம் நியாயமானது. அப்படியென்றால் மற்றவரின் கோப்பைத் தொடாதேங்கோ. உள்ளிழுக்கப்படும் கோப்புறையில் ‘00’ என்று தொடங்கும் உங்கட சொந்தக் கோப்பு ஒன்றை வையுங்கோ. பெயர் வரிசையில் அதுதான் முதலில் வாசிக்கப்படும், அதனால் அதுதான் வெல்லும்.

பிறகு எஸ்எஸ்எச்டியைப் பெரிய எழுத்து ‘டி’ தெரிவோடு ஓட்டுங்கோ. கோப்புகள் எல்லாவற்றையும் வாசித்து, கடைசியில் எந்த மதிப்பு செல்லும் என்று அது காட்டும். சிறிய எழுத்து ‘டி’ கோப்பு பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கா என்று மட்டுந்தான் பார்க்கும். அந்தச் சோதனையைப் பிளேபுக்குக்குள்ளேயே எழுதுங்கோ, ‘நோ’ வராவிட்டால் அது சிவப்பில் நிற்கட்டும். சேவையை ரீலோட் பண்ணவும் மறக்காதேங்கோ.

எங்கட சிறு அமைப்புகளின் சேர்வர்களில் ஆட்களின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் கிடக்கு. எங்களை நம்பித்தான் தந்தவை. பூட்டைத் தொங்கவிட்டால் காணாது, கதவை ஒருக்கால் தள்ளிப் பார்க்கவும் வேணும். இண்டைக்கே பாருங்கோ.