பில்லுக்குப் பயந்து பிந்தி வரும் அம்மாக்கள்

கர்ப்பகாலப் பராமரிப்பு என்றதும் எங்கட சங்கங்கள் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கும். "நேரத்துக்கு கிளினிக் போங்கோ" என்று ஒரு டொக்டர் கதைப்பார், பிறகு வடையும் தேத்தண்ணியும். கூட்டம் வைக்கிறதில பிழையில்லை. பிந்தி வருகிற பெண்ணுக்கு விபரம் தெரியாது என்று நினைக்கிறதுதான் பிழை.

இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வீடு தேடி வரும் மருத்துவமாது முறை அங்கிருந்துதான் நாடு முழுக்கப் பரவியது. 1940களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிறப்புக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்த நாடு அது. இன்று அந்த எண் ஐம்பதுக்கும் கீழே. ஊரில் கிளினிக் தவறாமல் போன தாய்க்குப் பிறந்தவள், லண்டனில் ஏழாம் மாதம் வரைக்கும் ஏன் ஒளிச்சிருக்கிறாள்?

காசுதான். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, அரச உதவியும் இல்லாமல் இங்கிலாந்தில் இருக்கிற பெண்ணிடம் என்.எச்.எஸ் ஆஸ்பத்திரி பிரசவத்துக்குக் கட்டணம் கேட்கும். அதுவும் வழமையான விலையின் 150 சதவீதம். சிக்கலில்லாத பிரசவத்துக்கே ஆயிரக்கணக்கான பவுண். 500 பவுணோ அதற்கு மேலோ இரண்டு மாதம் கட்டாமல் நின்றால் ஹோம் ஒஃபிஸுக்குத் தகவல் போகலாம், அடுத்த விசா விண்ணப்பத்தை அந்தக் கடனைக் காட்டியே மறுக்கலாம். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நிராகரிக்கப்பட்டவர்களிடம் இந்தக் கட்டணம் இல்லை. ஆகவே வேறு வழியே இல்லை என்று வெஸ்ட்மின்ஸ்டர் சொல்ல ஏலாது.

காசில்லை என்பதற்காக மகப்பேற்றுப் பராமரிப்பை மறுக்கவோ தாமதப்படுத்தவோ கூடாது என்று அதே விதிகள் சொல்லுகின்றன. கேட்க நல்லாத்தான் இருக்கு. கதவைத் திறந்து வைத்து வாசலில் கடன்காரனை நிறுத்தினால் யார் உள்ளே வருவினம்?

வராமல் விட்டால் என்ன நடக்கும்? பிரஷர் கூடி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும்போது பெண்ணுக்கு உடம்பில் ஒண்டும் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் கையில் பட்டி கட்டி, சிறுநீரைப் பார்க்கிறது அதுக்குத்தான். விட்டால் வலிப்பு, தாய்க்கோ பிள்ளைக்கோ மரணம். கர்ப்பகால நீரிழிவு தெற்காசியப் பெண்களுக்குக் கூடுதலாக வரும். அதற்கான சோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். ஏழாம் மாத முடிவில் வருகிறவளுக்கு அந்த நேரம் போய்விட்டது. முதல் பிள்ளைக்குப் பத்துச் சந்திப்புகள், முதலாவது பத்தாம் வாரத்துக்குள் என்று வைத்திருக்கிறது சும்மா இல்லை.

கட்டண விதிகளை முழுசா நீக்க வேண்டும் என்பதுதான் எங்கட நிலைப்பாடு. அதுவரைக்கும் பிள்ளை காத்திருக்காது, ஆகவே இதைத் தெரிஞ்சு வைத்திருங்கோ. அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருக்கும்போது கட்டணம் இல்லை. அந்த நேரத்திலேயே மருத்துவமாதுவிடம் பதிந்து பராமரிப்புத் தொடங்கிவிட்டால், இடையில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலும் அந்தக் கர்ப்பத்துக்கான பராமரிப்பு இலவசமாகவே தொடரும். வழக்கு முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் மாமாமாருக்கு இதை முதலில் சொல்லுங்கோ. ஜீ.பீ.யிடம் பதிய பாஸ்போட்டும் தேவையில்லை, விலாசச் சான்றும் தேவையில்லை. வரவேற்பு மேசையில் கேட்டால், கட்டாயமில்லை என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேணும். ஏற்கெனவே பில் வந்திருந்தால் ஒளிக்காமல் தவணை கேட்கலாம், ஆலோசனை நிலையம் ஒன்றின் உதவியோடு பில்லையே எதிர்த்தும் கேட்கலாம்.

இங்கே பிறந்து இரண்டு மொழியும் வாயில் வருகிற நாங்கள் அந்தப் பக்கத்து ஆளாக இருக்கலாம். ஆனால் சந்திப்புக்குள்ளே மொழிபெயர்க்கப் போகாதேங்கோ, கணவரையும் விடாதேங்கோ. ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ, அதுக்கு அவளிடம் காசு வாங்குவதில்லை. வீட்டில் அடி விழுகுதா என்று மருத்துவமாது கேட்கும்போது, அடிக்கிறவனே மொழிபெயர்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.