அம்மை அல்ல... மரத்துப் பால்!

“டாக்டர் அம்மா, நாங்கள் வெள்ளிமலைப் பக்கம். என் தம்பிக்கு 19 வயது. மூன்று நாளைக்கு முன்பு ராத்திரி கூட்டாளிகளோடு முயல் வேட்டைக்குக் காட்டுக்குள் போனான். வழியில் ஒரு மரக்கிளையை வெட்டி, பட்டையைச் சீவித் தடி செய்துகொண்டானாம். மறுநாள் உள்ளங்கையில் கறுப்பாகக் கறை, தேய்த்தும் போகவில்லை. இன்று முகம் வீங்கி, ஒரு கண் மூடிவிட்டது. கை முழுக்க நீர்க்கொப்புளம். காய்ச்சல் இல்லை. ‘அம்மை போட்டிருக்கு, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்கும் போகக் கூடாது’ என்கிறார் பாட்டி. வேட்டை விஷயம் வெளியே தெரிந்தால் வம்பு என்று அப்பாவும் தயங்குகிறார். என் கைக்குழந்தைக்கு ஒட்டிவிடுமோ என்று எனக்குப் பயம்.”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

சகோதரி, முதலில் இதைச் செய்யுங்கள். கண் மூடும் அளவுக்கு முகம் வீங்கிவிட்டதால், இன்றே தம்பியைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மூச்சுத் திணறல், உதடு-நாக்கு வீக்கம், சிறுநீர் குறைவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது சேரா மரம்தான். சேராங்கொட்டை காய்க்கும் மரம். அதன் பாலும், கொட்டைத் தோலில் உள்ள எண்ணெயும் காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் துணிக்கு அடையாளக் குறி போட்டது இந்தக் கொட்டைச் சாற்றால்தான். எத்தனை முறை வெளுத்தாலும் குறி அழியாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சரியாகச் சட்டையில் குறி போட்ட இடத்தில் தோல் வெந்து கொப்புளம் கிளம்பியது. 1943-ல் மருத்துவ இதழிலேயே இதை எழுதினார்கள். அவர்கள் ஊர்க் காட்டில் ‘பாய்சன் ஐவி’ என்று ஒரு கொடி உண்டு. நம் சேரா மரமும் அந்தக் கொடியும் ஒரே குடும்பம். மாவும் முந்திரியும்கூட அதே குடும்பம்தான். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் புண்ணாவதும், முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கை வெந்துபோவதும் இதனால்தான்.

இந்த எண்ணெய் தோலில் பட்டதும் சில நிமிடங்களில் உள்ளே ஊறிவிடும். உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுவதன் விளைவே வீக்கமும் கொப்புளமும். அதனால் உடனே தெரியாது. பெரும்பாலும் ஒன்று, இரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். இதுதான் அம்மை என்று நினைக்க வைக்கிறது. அம்மையில் பெரும்பாலும் காய்ச்சல் வரும். கொப்புளம் நெஞ்சு, முதுகு என்று பரவலாக இருக்கும். மரப்பால் என்றால் பட்ட இடத்தில், கோடு கோடாக, கும்பலாக வரும். காஞ்சொறி, பூனைக்காலி பட்டால் அந்த நொடியே அரிப்பு உயிர் போகும். அது வேறு.

பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: இதற்குக் குளிக்காமல் இருப்பதுதான் கெடுதல். எண்ணெய் பட்ட பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவினால் பாதி ஆபத்து அங்கேயே போய்விடும். காட்டில் சோப்பு இல்லையென்றால் ஓடைத் தண்ணீராவது போதும். தம்பிக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் நகக்கண்ணில் எண்ணெய் ஒட்டியிருக்கலாம். நகத்தை வெட்டி, சோப்புப் போட்டு மென்மையாகக் குளிக்கட்டும். வெந்நீர் வேண்டாம்.

கைக்குழந்தையைப் பற்றிய பயத்துக்குப் பதில்: இது தொற்றுநோய் இல்லை. கொப்புளத்து நீரில் அந்த எண்ணெய் கிடையாது. புதிது புதிதாகக் கிளம்புவது, ஒவ்வொரு இடத்திலும் தோலின் தடிமனும் பட்ட அளவும் வேறுபடுவதால்தான். ஆனால் அவன் போட்டிருந்த சட்டை, துண்டு, செருப்பு, அரிவாள் பிடி, அந்தத் தடி இவற்றில் எண்ணெய் இருக்கும்; பல நாள் கழித்தும் வேலையைக் காட்டும். அவற்றைக் குழந்தை தொட்டால்தான் ஆபத்து. கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு துணியைத் தனியாக சோப்பில் துவையுங்கள். தடியை அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் புகை கண்ணையும் நுரையீரலையும் புண்ணாக்கும்.

அதுவரை அரிப்புக்கு, குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை 15 நிமிடம் போட்டு எடுங்கள். கை, காலுக்குக் காலமைன் லோஷன் தடவலாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். மஞ்சள், எலுமிச்சை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். முகம் வரை வந்துவிட்டால் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை தரக்கூடும். இரண்டு, மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். வீக்கம் வடிந்ததே என்று நாலாம் நாளே நீங்களாக நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டைக்கு இடம் உண்டு. முறையாகச் சுத்தி செய்து, தேர்ந்த வைத்தியர் கொடுப்பது அது. யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் கையாளக் கூடாது.

கடைசியாக, உங்கள் அப்பாவுக்கு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம்தான். தம்பி அதை விட்டுவிடுவதே நல்லது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் மருத்துவரிடம் உண்மையை மறைத்தால் அவர் பூச்சிக்கடி என்றோ, மாத்திரை ஒவ்வாமை என்றோ நினைத்து வேறு வழியில் போய்விடலாம். சிகிச்சைக்கு வேட்டைக் கதை தேவையே இல்லை. “காட்டுக்குள் போனான், மரக்கிளை வெட்டினான், பால் பட்டது, கையில் கறுப்புக் கறை இருக்கிறது” என்ற நாலு வார்த்தை போதும்.

மலையில் இருப்பவர்கள் கடுக்காய் பொறுக்கவும் தேன் எடுக்கவும் விறகுக்கும் காட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். முழுக்கைச் சட்டையும் மடியில் ஒரு துண்டு சோப்பும் இருக்கட்டும். சேரா மரம் எது என்று பாட்டிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். தம்பி தேறியதும் தூரத்தில் நின்றே அதைக் காட்டச் சொல்லுங்கள்.