ஸ்கேலைக் கீழே போடுங்கள்!

நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள். வீட்டில் காரும் கைக்குழந்தையும் இரண்டும் இருப்பவர்கள் மட்டும் இப்போதே படித்துவிடுங்கள்.

நம் குடும்பக் குழுவில் இந்த வாரம் ஒரே வீடியோ மூன்று பேர் கைவழியாக வந்துவிட்டது. காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டால் கவலையே வேண்டாமாம். வீட்டுக்குப் போன் போட்டு, மாற்றுச் சாவியின் பொத்தானை அந்தப் போனுக்குப் பக்கத்தில் அமுக்கச் சொல்ல வேண்டுமாம். நம் போனைக் கார்க் கதவருகே நீட்டினால் 'டக்'கென்று திறந்துகொள்ளுமாம். அனுப்பிய மூவரில் இருவர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள். ஒருவர் இன்ஜினியர் வேறு.

ஐயா, கார்ச் சாவி போடுவது சத்தம் அல்ல. ரேடியோ அலை. நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. போனில் இருக்கும் மைக் நாம் பேசும் ஒலியைப் பிடிக்கும், ரேடியோ அலையைப் பிடிக்காது. ஒலி அலைக்கு ஊடகம் வேண்டும், மின்காந்த அலைக்கு வேண்டாம் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எத்தனை முறை எழுதியிருப்பீர்கள்! மதிப்பெண்ணையும் வாங்கிக்கொண்டு விடையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். டென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டுச் சாவித் துவாரத்தில் வைத்து அமுக்கும் வித்தையும் இதே ரகம்தான். பழைய பென்ஸ் கார்கள் சிலவற்றில் பூட்டு வெற்றிடக் குழாயால் இயங்கியது உண்மை. அதிலும்கூட சாவித் துவாரம் வழியாகக் காற்று போகாது. நம்மவர்கள் வைத்திருக்கும் ஸ்விஃப்ட்டுக்கும் ஐ10-க்கும் அந்தப் பேச்சே இல்லை.

இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வாட்ஸ்அப்பில் வரும் நூறு பொய்களில் இது நூற்றியோராவது. ஆனால் இந்த வித்தைகளால் என்ன நடக்கிறது என்று சித்திரை மாதக் கல்யாணம் ஒன்றில் பார்த்துவிட்டேன். மன்னார்குடிப் பக்கம். மண்டபத்தின் பெயரும் வேண்டாம், வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம். அங்கே இருந்தவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பதினான்கு மாதக் குழந்தை. அழாமல் இருக்கட்டும் என்று கையில் கார்ச் சாவியைக் கொடுத்துப் பின் சீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். பையை எடுக்கத் தாய் இறங்கிக் கதவைச் சாத்த, குழந்தை பொத்தானை அமுக்க, நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. மணி பதினொன்றரை. வெட்டவெளி. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் ஸ்கேல் கொண்டுவந்தார். ஒருவர் சட்டை மாட்டும் ஹேங்கரைப் பிரித்து நீட்டினார். மற்றொருவர், நான் சொன்ன அந்தப் போன் வித்தையை, திருவாரூரில் இருக்கும் வீட்டுக்குப் போன் போட்டுச் செய்துகொண்டிருந்தார். குழந்தையை ஜன்னல் வழியாகச் சிரிக்க வைத்துப் பொத்தானை மறுபடி அமுக்க வைக்க நாலு அத்தைமார்கள் முயன்றார்கள். கண்ணாடியை உடைக்கலாமா என்று ஒரு சின்னப் பையன் கேட்டதற்குப் பெரியவர் ஒருவர் சொன்ன பதில், "புது வண்டிடா, இன்னும் டியூகூட முடியல."

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வாசலுக்கு வரும்போதுதான் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. உடைத்தவர் உறவுக்காரர் இல்லை. வாழை இலை ஏற்றி வந்த குட்டியானை டிரைவர். யாரையும் கேட்கவில்லை. வண்டியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்துவந்து ஒரே போடு. குழந்தையைத் தூக்கும்போது அது அழவில்லை, துவண்டு கிடந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்ததாக அங்கிருந்தவர்களே சொன்னார்கள். அன்றிரவு முழுக்க ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. பிழைத்தது. இப்போது நடக்கிறது, ஓடுகிறது.

அந்த டிரைவரிடம் மண்டப வாசலில் நம் ஆள் ஒருவர் கேட்டது என்ன தெரியுமா? "ஒரு வார்த்தை கேட்டுட்டு உடைச்சிருக்கலாமே தம்பி?"

இந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. யாரைக் கேட்க வேண்டும்? எதற்குக் கேட்க வேண்டும்? சாவி உள்ளே, குழந்தையும் உள்ளே என்றால் அங்கே ஆலோசனைக்கு இடமில்லை. உடை. அவ்வளவுதான். மாற்றுச் சாவி வரட்டும், மெக்கானிக் வரட்டும், அப்பா வரட்டும் என்பதெல்லாம் காலியாக நிற்கும் காருக்குப் பேசும் பேச்சு.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே போகிறது. சீட்டும் டேஷ்போர்டும் அதை உறிஞ்சிச் சூடேறி, ஒட்டியிருக்கும் காற்றையும் சூடாக்குகின்றன. திறந்தவெளியில் சூடான காற்று மேலே போய்விடும், குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வரும். காருக்குள் அது எங்கே போகும்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. வெளியே 38 என்றால் உள்ளே எவ்வளவு, நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். "இப்பதானே ஏ.சி.யை அணைச்சோம், உள்ளே குளுகுளுன்னுதான் இருக்கும்" என்று சொல்வீர்கள். அதையும் பார்த்தார்கள். ஏ.சி. போட்டுக் குளிர வைத்த கார் ஐந்து நிமிடம்தான் தாமதமாகச் சூடேறியது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பார்த்ததிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

குழந்தையின் உடம்பு பெரியவர்கள் உடம்பைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளை, ஈரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். உள்ளே இருக்கும் குழந்தை அழுகிறதே என்று பதறுகிறோம். அழுகை நின்றால்தான் பதற வேண்டும். மண்டப வாசலில் குழந்தை அடங்கிப்போனதைப் பார்த்து, "தூங்கிடுச்சு" என்று ஒருவர் நிம்மதியாகச் சொன்னாராம்!

பத்திரிகைக்காரர்கள் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2025 மே மாதம் ஆந்திராவில், விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில், நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன நான்கு குழந்தைகள் கதவு பூட்டிக்கொண்டு இறந்துபோனார்கள். இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் 'மூச்சுத்திணறி' என்றே எழுதுகிறார்கள். படிக்கும் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? காற்று இல்லாததுதான் ஆபத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். கார் ஒன்றும் காற்றுப் புகாத டப்பா அல்ல. அதன் உடம்பில் காற்று வெளியேறும் வழிகள் உண்டு. இப்படி வெயிலில் நிற்கும் காரில் முதலில் கொல்வது சூடு. 'வெப்பம் தாக்கி' என்று எழுதினால் எத்தனையோ பேருக்கு விஷயம் உறைக்கும்.

சரி, உடைப்பது எப்படி? இதுவும் தெரியாமல் மண்டபத்தில் ஒருவர் சமையற்கட்டிலிருந்து குழவிக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். முன் கண்ணாடியைத் தொடாதீர்கள். அது இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. விரிசல் விடும், உதிராது. பக்கக் கண்ணாடி வேறு வகை. சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்துச் செய்தது. மேற்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசையோடு இருக்கும். உள்ளங்கையால் அடித்தாலும், உருண்டைக் கல்லால் நடுவில் அடித்தாலும் தாங்கும். கூரான முனையால் ஓரத்தில், மூலையில் ஒரு குத்து, அப்படியே பொலபொலவென்று சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொட்டிவிடும். அதே விசைதான், பரப்பு குறையக் குறைய அழுத்தம் கூடும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். வீல் ஸ்பேனர், கடப்பாரையின் கூர்முனை, ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி, எது கிடைத்தாலும் சரி. நம் ஸ்பேனர் நம் காரின் டிக்கிக்குள் பூட்டிக் கிடக்கும். அடுத்த வண்டியைக் கேளுங்கள், லாரியைக் கேளுங்கள். குழந்தை பின்னால் இருந்தால் முன் பக்க ஜன்னலை உடையுங்கள், முன்னால் இருந்தால் பின் பக்கம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அடியுங்கள். விலை உயர்ந்த சில கார்களில் பக்கக் கண்ணாடியும் முன் கண்ணாடி போலவே ஏடு ஒட்டி வருகிறது. இரண்டு அடியில் உதிரவில்லை என்றால் பின் கண்ணாடிக்குப் போங்கள்.

ஒருவர் உடைக்கும்போதே இன்னொருவர் 108-க்குச் சொல்ல வேண்டும். 112 என்றாலும் சரி. வெளியே எடுத்த குழந்தையை நிழலுக்குக் கொண்டுபோய், துணியைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கண் விழித்துச் சிரித்தாலும் டாக்டரிடம் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தவர் கார் என்றால் போலீஸ் கேஸ் ஆகாதா என்று ஒரு பயம். அந்த டிரைவர் தம்பியும் அன்று கொஞ்ச நேரம் அந்தப் பயத்தோடுதான் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 81-ஆம் பிரிவு. கெட்ட எண்ணம் இல்லாமல், ஆளுக்கோ பொருளுக்கோ வரவிருக்கும் வேறு தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு செய்தது, சேதம் விளைவிக்கும் என்று தெரிந்து செய்ததாக இருந்தாலும், அதனாலேயே குற்றம் ஆகிவிடாது. பெரிய தீ பரவாமல் தடுக்க நடுவே இருக்கும் வீடுகளை இடிப்பவரைச் சட்டமே உதாரணமாகச் சொல்கிறது. வீட்டையே இடிக்கலாம் என்கிறது ஐயா, நீங்கள் ஜன்னலுக்கு யோசிக்கிறீர்கள்!

காசுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நம்மவர்களுக்கு மனம் ஆறாது. சொந்த வண்டிச் சேதத்துக்கும் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், கண்ணாடிக்குத் தேய்மானம் என்று எதுவும் கழிக்க மாட்டார்கள். நாம் போட வேண்டிய கட்டாயப் பங்கு 1500 சி.சி. வரை உள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. க்ளெய்ம் போட்டால் நோ க்ளெய்ம் போனஸ் போகும், அதைக் கணக்குப் பார்த்துக் கைக்காசிலேயே மாற்றிக்கொண்டாலும் சரி. அந்தக் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் வீணான பாயசத்தின் விலை இதைவிட அதிகம் இருந்திருக்கும்.

உள்ளே குழந்தையோ, முதியவரோ, நாயோ யாரும் இல்லை, சாவி மட்டும் கிடக்கிறது என்றால் என்ன செய்வது? ஒன்றும் செய்யாதீர்கள். டீக் கடையில் உட்காருங்கள். மாருதி 800 காலத்தில் ஸ்கேல் விட்டுத் திறந்தது உண்டு, நானே பார்த்திருக்கிறேன். இன்றைய கதவுக்குள் மோட்டாரும் வயரும் சென்சாருமாக இருக்கிறது. ஸ்கேலை விட்டு ஆட்டினால் ரப்பர் கிழியும், மழைத் தண்ணீர் இறங்கும், பவர் விண்டோ நின்றுபோகும். பாலிசியோடு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் வாங்கியிருப்பீர்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். அந்த எண் எழுதிய தாள் எங்கே? காருக்குள்ளேதான். ஆகவே இப்போதே எடுத்துப் போனில் பதிந்துகொள்ளுங்கள். குழந்தைக்கு விளையாடக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். புதுக் கார் சாவி உள்ளே இருந்தால் பூட்டாது என்று ஷோரூமில் சொன்னதை நம்பியும் கொடுக்காதீர்கள், அது வண்டிக்கு வண்டி மாறும். வீட்டு வாசலில் நிற்கும் காரையும் எப்போதும் பூட்டியே வையுங்கள், தெருப் பிள்ளைகள் ஏறாமல் இருக்கும்.

மாற்றுச் சாவி வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் தொங்க வேண்டும். பீரோ லாக்கருக்குள் வைத்துப் பூட்டி, அந்த பீரோ சாவியைக் கார்ச் சாவிக் கொத்திலேயே கோத்து வைத்திருக்கும் வீடு ஒன்று எனக்குத் தெரியும். அதையும் தூக்கிச் சாப்பிடும்படி, 1998 செட் மாணவர் ஒருவர், தற்போது சென்னை, மாற்றுச் சாவியைக் காரின் டேஷ்போர்டுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கிறார். போன வாரம் அவரே பெருமையாகச் சொன்னார். தம்பி, பெயரைப் போடவில்லை. இன்று மாலைக்குள் அதை எடுத்து வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு எனக்கு ஒரு போட்டோ அனுப்பவும்.