அயலானா, விருந்தினனா?



சென்ற மாதம், மழை இரவொன்றில் பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. “யார் அது?” என்று நான் கேட்ட குரலில் கனிவு இல்லை, ஐயமே இருந்தது. வெளியே வழிதவறிய முதியவர் ஒருவர் நனைந்து நின்றார். அவர் உண்டு உறங்கிய பின்னர், குருமடத்தில் பயின்ற இலத்தீன் சொல்லொன்று என் நினைவுக்கு வந்தது.

‘ஹோஸ்திஸ்’ என்னும் அச்சொல்லுக்குப் பகைவன் என்பது பொருள். ஆயினும் முன்னோர் நாளில் அது அயலானையே குறித்தது என்று சிசரோ, கி.மு. 44-இல் எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலில் கூறுகிறார். அயலானே நாளடைவில் பகைவனாகிவிட்டான்! அதே வேரில் கிளைத்த ஜெர்மன் ‘காஸ்ட்’, ஆங்கில ‘கெஸ்ட்’ ஆகிய சொற்களோ விருந்தினனைக் குறிக்கின்றன. அக்குடும்பத்தைச் சேர்ந்த ‘ஹோஸ்பெஸ்’ என்னும் இலத்தீன் சொல், விருந்தளிப்பவன், விருந்தினன் ஆகிய இருவருக்கும் பொதுவாயிற்று. அதன் வழிவந்த பிரெஞ்சு ‘ஓட்’ இன்றும் அவ்விரு பொருளையும் தருகிறது. ஹோட்டலும், நாம் ஆஸ்பத்திரி என்று வழங்கும் ஹாஸ்பிட்டலும் இவ்வழியில் பிறந்தவையே.

வேர் ஒன்று, ஒரு கிளையில் பகை, மறு கிளையில் விருந்து. வாயிலில் நிற்கும் அயலார் எக்கிளையைச் சேர்வார் என்பதைக் கதவைத் திறப்பவரின் உள்ளமும் அன்றோ முடிவு செய்கிறது?

விடியற்காலையில் அம்முதியவர் என்னை வாழ்த்தி விடைபெற்றார். நான் முதலில் கேட்ட அந்தக் குரல்தான் இன்னும் என் நெஞ்சை உறுத்துகிறது.